சுவாசக் கருவி சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்வது ஏன்?

கோவிட் காலத்து மாலை நேரங்கள் நினைவிருக்கிறதா? அப்போது நீங்கள் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். சுகாதார அமைச்சு நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையில் புதிய தொற்றுகளின் எண்ணிக்கைக்குப் பிறகு இன்னும் இரண்டு எண்கள் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை பேர், அவர்களில் சுவாசக் கருவியின் உதவி தேவைப்படுவோர் எத்தனை பேர். அந்தக் கடைசி எண்ணைக் கேட்டதும் வீட்டுப் பெரியவர்கள் சற்று அமைதியாகிவிடுவார்கள்.

அந்த எண்ணுக்குள் அடங்கிய நோயாளிகளில் பலருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. நுரையீரலுக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் சிக்கல் அது: அவர்களின் சிறுநீரகங்களும் தடுமாறின. இது கோவிட்டுக்கு மட்டும் உரியதன்று. நிமோனியா, சாலை விபத்து, கடுமையான கிருமித்தொற்று என எந்தக் காரணத்துக்காகச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டாலும் மருத்துவர்கள் சிறுநீரகத்தின் மீதும் ஒரு கண் வைத்திருப்பார்கள். பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கருவி பொருத்தப்பட்டவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற நோயாளிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கணக்கிட்டது.

அதற்காகக் கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். அடைமழையில் குடை பிடித்துப் போகிறவர்கள்தான் நனைகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் நனைவதில்லை. அதனால் குடைதான் நனைத்தது என்று சொல்ல முடியுமா? சுவாசக் கருவியும் அப்படித்தான். உடல் மிக மோசமாகிப் போனவர்களுக்கே அது பொருத்தப்படுகிறது. நுரையீரலைத் தாக்கிய அதே நோய் சிறுநீரகத்தையும் தாக்கியிருக்கலாம். ஆனால் முழுப் பழியும் நோயின் மேல் இல்லை என்பதும் உண்மை. ஒரு பங்கு கருவிக்கும் உண்டு. நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரம், வயிற்றின் பின்புறம் இருக்கும் சிறுநீரகத்தை எப்படித் தொடுகிறது? இந்தக் கேள்விக்கான பதில் ஓர் ஏமாற்றுக் கதையைப் போன்றது.

இழுப்பதும் தள்ளுவதும்

ஒருமுறை நன்றாக மூச்சை இழுத்துப் பாருங்கள். உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் மேலே எழுகின்றன, நெஞ்சுக்கூட்டின் இடம் பெரிதாகிறது. இடம் பெரிதானால் உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்றின் அழுத்தம் சற்று அதிகமாக இருப்பதால் காற்று தானாக உள்ளே வருகிறது. நாம் காற்றை உள்ளே தள்ளுவதில்லை; இடம் கொடுக்கிறோம், அது வந்து நிரம்புகிறது. ‘மூச்சை இழு’ என்று தமிழில் சொல்கிறோமே, உடலியலின்படி அது மிகச் சரியான சொல்.

சுவாசக் கருவி இதைத் தலைகீழாகச் செய்கிறது. தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் செருகப்பட்ட குழாய் ஒன்றின் மூலம் அது காற்றைத் தள்ளுகிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது.

இந்தத் ‘தள்ளும்’ முறை பரவலானதற்கு ஒரு வரலாறு உண்டு. 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்தார்கள். முதல் மூன்று வாரங்களில் இப்படிப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மயக்க மருந்து மருத்துவரான பியோர்ன் இப்சன், அறுவைச் சிகிச்சை அறையில் தாம் செய்வதையே இங்கும் செய்யலாம் என்றார். ஆகஸ்ட் 27 அன்று, 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் சிறு துளையிட்டு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகி, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி ஆக்சிஜனை உள்ளே அனுப்பினார். சிறுமி பிழைத்தாள். அதன் பிறகு ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் கட்டில் அருகே உட்கார்ந்து பைகளை அமுக்கினார்கள். உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள்! இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தக் கூடத்தில்தான் பிறந்தது என்று சொல்வார்கள். அவர்களுடைய கைகள் செய்த வேலையை இன்று இயந்திரம் செய்கிறது.

நாதஸ்வரக்காரரின் கழுத்து

கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசிப்பவரை அருகிலிருந்து கவனித்திருக்கிறீர்களா? நீண்ட சுரம் ஒன்றைப் பிடிக்கும்போது அவர் கழுத்தின் இருபக்கமும் நரம்பு போலப் புடைத்து நிற்கும். அவை நரம்புகள் அல்ல, சிரைகள். தலையிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள். ஊதுவதற்காக அவர் நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறார். அந்த அழுத்தம் இரத்தம் நெஞ்சுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. உள்ளே போக முடியாத இரத்தம் வாசலில் காத்து நிற்கிறது.

சுவாசக் கருவியில் நடப்பதும் இதுவேதான். ஆனால் இரண்டு வேறுபாடுகள். நாதஸ்வரக்காரர் சுரம் முடிந்ததும் மூச்சை இழுத்துக்கொள்வார்; அந்த நொடியில் தேங்கிய இரத்தம் உள்ளே பாய்ந்துவிடும். கருவியில் இருப்பவருக்கு அப்படி ஒரு ‘இழுப்பு’ பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூச்சை வெளியே விட்ட பிறகும்கூட நெஞ்சில் சிறிது அழுத்தத்தை மருத்துவர்கள் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது தேவை. முழுதும் சுருங்கிய பலூனை ஊதத் தொடங்குவது எவ்வளவு கடினம், பாதி ஊதியதை ஊதுவது எவ்வளவு எளிது என்று உங்களுக்கே தெரியும். இந்த மிச்ச அழுத்தத்துக்குப் ‘பீப்’ என்று பெயர். இரண்டாவது வேறுபாடு நேரம். வாசிப்பு சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கருவி நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் ஓடும்.

இது பெரிய அழுத்தமா என்று கேட்கலாம். தமனியில் 120 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும்போது இந்தச் சிறு அழுத்தம் என்ன செய்துவிடும்? உண்மைதான், தமனிக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் சிரையின் உலகம் வேறு. உடலின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் உந்துதல் மிகச் சிறியது. சுமார் 7 மில்லிமீட்டர்தான். மெதுவாகச் சரியும் வாய்க்காலைப் போல. மலையருவியின் அடியில் ஒரு செங்கல்லைப் போட்டால் எதுவும் ஆகாது. அதே செங்கல்லை வாய்க்காலின் வாசலில் வைத்தால் நீர் தேங்கிவிடும். கருவி தரும் அழுத்தத்தில் ஒரு பகுதிதான் இதயத்தைச் சுற்றி உணரப்படுகிறது. உடலும் சிரைகளை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும். அப்படியும் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. திரும்புவது குறைந்தால் இதயம் வெளியே அனுப்புவதும் குறையும்.

இங்கேதான் சிறுநீரகம் காட்சிக்குள் வருகிறது. இரண்டு சிறுநீரகங்களையும் சேர்த்து நிறுத்தால் சுமார் 300 கிராம். உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அவற்றுக்கே போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகம். ஒரு நாளில் அவை வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். பள்ளியில் தண்ணீர் இயந்திரத்தின் மேல் கவிழ்த்து வைக்கும் பெரிய குடுவைகளில் ஒன்பதுக்கும் மேல்! அதில் ஏறத்தாழ முழுவதையும் மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. இவ்வளவு பெரிய பங்கைப் பெறும் உறுப்பு, வரவு குறைந்தால் முதலில் உணரத்தானே செய்யும்?

விமானிகளும் நீச்சல் குளமும்

சுவாச அழுத்தம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது நோயாளிகளிடம் முதலில் தெரியவரவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் 12,000 மீட்டருக்கும் மேல் பறக்கத் தொடங்கின. அந்த உயரத்தில் காற்றழுத்தம் மிகக் குறைவு; தூய ஆக்சிஜனைச் சுவாசித்தாலும் போதாது. ஆகவே முகமூடி வழியாக ஆக்சிஜனை அழுத்தத்துடன் விமானியின் நுரையீரலுக்குள் தள்ளினார்கள். இந்த அழுத்தச் சுவாசம் உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்களில் அமெரிக்காவைச் சேர்ந்த டுருரி, ஹென்றி, குட்மன் ஆகிய மூவரும் அடங்குவர். 1947இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, நோயே இல்லாத ஆட்களிடமும் அழுத்தச் சுவாசத்தின்போது சிறுநீர் குறைந்ததைக் காட்டியது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் அது வடிகட்டும் அளவும் குறைந்தன. நோய் வேறு, அழுத்தம் வேறு என்று பிரித்துக் காட்டிய ஆய்வு அது.

அந்த மூவரில் ஒருவரான ஜேம்ஸ் ஹென்றி அதோடு விடவில்லை. ஜெர்மானிய உடலியல் அறிஞர் ஓட்டோ கௌவருடன் சேர்ந்து 1950களில் எதிர்ப்பக்கத்தைச் சோதித்தார். நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் குறைத்தால்? சிறுநீர் அதிகரித்தது! நாய்களின் இதயத்தின் இடது மேலறைக்குள் ஒரு சிறு பலூனை வைத்து ஊதி, அறையின் சுவரை இழுபட வைத்தபோதும் சிறுநீர் அதிகரித்தது. ஆக, இதயத்தின் மேலறைகள் வெறும் இரத்தம் தங்கும் அறைகள் அல்ல. உடலில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அளக்கும் தொட்டி மானியும் அவைதான். சுவர் நன்றாக இழுபட்டால் ‘நீர் மிகுந்துவிட்டது, வெளியேற்று’ என்று பொருள். சுவர் தளர்ந்தால் ‘நீர் போதவில்லை, சேமித்து வை’ என்று பொருள்.

இதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். நீச்சல் குளத்தில் கழுத்தளவு நீரில் சிறிது நேரம் நின்றால் கழிவறைக்குப் போக வேண்டும் என்று தோன்றும். குளிர் மட்டும் காரணமல்ல. நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தத்தை நெஞ்சை நோக்கித் தள்ளுகிறது, மேலறைகள் இழுபடுகின்றன, உடல் ‘நீர் மிகுந்துவிட்டது’ என்று நம்பிச் சிறுநீரைப் பெருக்குகிறது. உண்மையில் நீங்கள் ஒரு சொட்டுக்கூடக் கூடுதலாகக் குடிக்கவில்லை. மானி ஏமாந்துவிட்டது.

இந்தச் செய்தி சிறுநீரகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? நரம்புகள் வழியாக ஒரு பங்கு. மற்றொரு வழியை 1981இல் கனடாவில் பணியாற்றிய அடோல்போ டி போல்ட் கண்டுபிடித்தார். எலிகளின் இதய மேலறையிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் சிறுநீரில் உப்பும் நீரும் பல மடங்கு பெருகின. இதயம் ஒரு பம்பு மட்டுமல்ல, ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட என்று அன்று தெரிந்தது.

இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்புவோம். சுவாசக் கருவியில் நடப்பது நீச்சல் குளத்தின் நேர் எதிர்க் கதை. நெஞ்சின் அழுத்தத்தால் மேலறைக்கு வரும் இரத்தம் குறைகிறது, சுவர் தளர்கிறது, நீரை வெளியேற்றச் சொல்லும் இதய ஹார்மோன் குறைகிறது. மூளை, நீரைச் சேமிக்கச் சொல்லும் ஹார்மோனை அனுப்புகிறது. சிறுநீரகம் தன் பங்குக்கு ரெனின் என்னும் பொருளைச் சுரந்து, இரத்தக் குழாய்களை இறுக்கி உப்பைப் பிடித்துவைக்கும் தொடர் வினையைத் தொடங்குகிறது. எல்லாருமே பாலைவனத்தில் தாகத்தில் கிடப்பவரைக் காப்பாற்றுவது போல வேலை செய்கிறார்கள். கட்டிலில் கிடப்பவரோ கையும் காலும் வீங்கி, தேவைக்கு மேல் நீரோடு இருக்கக்கூடும். நீர் இல்லாமல் இல்லை. மானிக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

தண்ணீர் ஏற்றினால் சரியாகுமா?

இந்த இடத்தில்தான் மருத்துவர்களுக்குத் தலைவலி. சிறுநீர் குறைகிறது, இரத்த அழுத்தமும் இறங்குகிறது. சிரை வழியாக உப்புநீர் ஏற்றினால் இதயத்துக்கு வரும் இரத்தம் கூடும், சிறுநீரகத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆரம்பத்தில் இது பல வேளைகளில் பலன் தரும். ஆனால் அளவு மீறினால் வாசலில் தேங்கும் இரத்தம் இன்னும் பெருகும்.

சிறுநீரகத்துக்குள் இரத்தம் ஓட, நுழைவாயில் அழுத்தம் மட்டும் போதாது. வெளியேறும் வாயிலும் திறந்திருக்க வேண்டும். வெளியே போகும் சிரையில் அழுத்தம் ஏறினால் உள்ளே நெரிசல் உண்டாகும். சிறுநீரகத்தை ஓர் உறுதியான உறை மூடியிருக்கிறது. அது பலூனைப் போல விரிந்து கொடுக்காது. ஆகவே வீங்கும் திசு தன்னையே நெரித்துக்கொள்கிறது. விடுமுறைக் காலத்தில் நெடுஞ்சாலைக் கட்டணச் சாவடி அடைத்துக்கொண்டால் பின்னால் எத்தனை தடம் இருந்தும் கார்கள் நகராது அல்லவா? கூடுதலாக ஏற்றிய நீரில் ஒரு பகுதி நுரையீரலுக்குள்ளும் கசியும். நுரையீரல் நனைந்தால் ஆக்சிஜன் குறையும். அதைச் சரிசெய்யக் கருவியின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டி வரும். அது மீண்டும் சிறுநீரகத்தின் தலையில் விடியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம், ‘நுரையீரல் பரவாயில்லை, ஆனால் இப்போது சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது’ என்று மருத்துவர் சொல்லும்போது, யாரோ எங்கோ தவறு செய்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. பல வேளைகளில் நடந்தது இதுதான்: ஓர் உறுப்பை உயிரோடு வைத்திருக்க எடுத்த முயற்சியின் விலையை இன்னோர் உறுப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முயல்களும் 861 நோயாளிகளும்

அழுத்தமும் ஹார்மோனும் மட்டும்தான் காரணம் என்றால் கதை எளிதாக முடிந்துவிடும். இன்னொரு வழியும் இருக்கிறது. நோயுற்ற நுரையீரலைக் கருவி அளவுக்கு மீறி விரித்தால், அதன் மெல்லிய திசுக்கள் காயப்படும். காயப்பட்ட திசு, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை வெளியிடும். அவை இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றும்.

2003இல் வெளியான கனடிய ஆய்வாளர்களின் பரிசோதனை இதற்கு நல்ல சான்று. நுரையீரல் காயப்பட்ட முயல்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மென்மையான, சிறிய மூச்சு. மற்றொரு குழுவுக்குப் பெரிய, முரட்டு மூச்சு. முரட்டு மூச்சுக் குழுவின் சிறுநீரகத்தில் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்வது அதிகமாகக் காணப்பட்டது. அடுத்து அவர்கள் செய்ததுதான் புத்திசாலித்தனம். அந்த முயல்களின் இரத்தத் திரவத்தை எடுத்து, ஆய்வகத் தட்டில் வளர்த்த சிறுநீரகச் செல்களின் மேல் விட்டார்கள். அந்தச் செல்களும் அவ்வாறே இறந்தன. அங்கே இதயமும் இல்லை, அழுத்தமும் இல்லை. இரத்தத்தில் வந்த ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்.

மனிதர்களிடம்? நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 861 பேரிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று. மற்றப் பிரிவினருக்கு 6 மில்லிலிட்டர். அன்றைய வழக்கம் 10 முதல் 15 வரை. முடிவு தெளிவாக இருந்தது. பெரிய மூச்சுப் பிரிவில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். சிறிய மூச்சுப் பிரிவில் 31 விழுக்காட்டினர். சிறுநீரகம் செயலிழக்காமல் இருந்த நாட்களும் சராசரியாக 18இலிருந்து 20ஆக உயர்ந்தன.

இதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. ‘கிலோவுக்கு’ என்றால் எந்த எடை? எடைக் கருவி காட்டும் எடை அல்ல. உயரத்திலிருந்து கணக்கிடப்படும் எடை. ஆணுக்கு உயரத்தில் (சென்டிமீட்டரில்) இருந்து 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 50ஐக் கூட்ட வேண்டும். பெண்ணுக்கு 50க்குப் பதில் 45.5. ஒருவர் 160 சென்டிமீட்டர் உயரம், 90 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். கணக்கின்படி அவர் எடை சுமார் 57 கிலோ. மூச்சின் அளவு ஏறத்தாழ 340 மில்லிலிட்டர். 90 கிலோவை வைத்துக் கணக்கிட்டால் 540 வந்துவிடும். நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் வயிற்றைப் பெருக்கும், நுரையீரலைப் பெருக்காது. உங்கள் உயரத்துக்கு எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்க்கத் தோன்றும்; பார்க்கலாம், ஆனால் இது பெரியவர்களுக்கான சூத்திரம்.

சிறிய மூச்சுக்கும் விலை உண்டு. குறைவாகக் காற்று மாறினால் இரத்தத்தில் கரியமில வாயு கூடும். அது மிகவும் கூடினால் சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஆக்சிஜன் மிகவும் குறைந்தாலும் கெடுதல். ஆகவே கருவியில் எந்த எண்ணைத் திருப்பினாலும் எங்கோ ஒரு மூலையில் இன்னோர் எண் நகரும்.

சிறுநீர்ப் பையின் கோடுகள்

இவற்றையெல்லாம் எப்படிக் கண்காணிக்கிறார்கள்? இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பார்கள். அது தசைகளில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் சேரும். ஆனால் அது ஏற ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். அதைவிட விரைவாகச் செய்தி சொல்வது கட்டிலின் ஓரத்தில் தொங்கும் எளிய பிளாஸ்டிக் பை. மணிக்கொரு முறை தாதியர் அதன் கோடுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிலிட்டர் என்பது எல்லைக்கோடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டர், இரண்டு மேசைக்கரண்டி. ஆறு மணி நேரம் தொடர்ந்து அதற்குக் கீழே போனால் அது சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது.

நிலைமை மோசமானால் சிறிது காலத்துக்கு டயாலிசிஸ் இயந்திரம் சிறுநீரகத்தின் வேலையை ஏற்றுக்கொள்ளும். பிழைத்து எழுபவர்களில் பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் இயங்கத் தொடங்கும். பின்னாளிலும் தொடர் பரிசோதனை தேவைப்படும்.

நோயாளி தேறிவரும்போது கருவியின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அவரே மூச்சை இழுக்க விடுவார்கள். உதரவிதானம் இறங்கும், நெஞ்சின் அழுத்தம் குறையும், கழுத்தில் காத்திருந்த இரத்தம் உள்ளே பாயும், மேலறையின் சுவர் மீண்டும் இழுபடும். அந்த நாட்களில் பல வேளை பை சீக்கிரமே நிரம்பும். தாதியர் அதை மாற்றி மாற்றிக் காலி செய்துகொண்டிருப்பார்கள்.